தொண்டை மாதிரிகளில் காற்றோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதக் குரல் எப்படி உண்டாகிறது என்பதை அறிய, சிலிகானிலும் அக்ரிலிக்கிலும் தொண்டை மாதிரிகள் செய்து, அவற்றுக்குள் காற்றைச் செலுத்தி அளப்பது என் வேலை. இதைச் சொன்னதும் பாடகர்களும் பொறியியல் மாணவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவம் படிப்பவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஏற்கெனவே விடை சொல்லிவிட்ட இடங்களைக் கேள்வி எண்ணால் சுட்டியிருக்கிறேன்.

1. குரல்நாண் என்பது வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டிய கம்பியா?

இல்லை. குரல்வளைக்குள், மூச்சுக்குழாயின் மேல் முனையில், முன்னிருந்து பின்னாகக் கிடக்கும் இரண்டு மடிப்புகள் அவை. அதிரும் பகுதியின் நீளம் வளர்ந்த ஆணுக்குச் சுமார் 16 மில்லிமீட்டர், பெண்ணுக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது இரண்டும் பின்புறம் அகன்று முக்கோண வழியாக விரிந்திருக்கும். பேசத் தொடங்கும்போது நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடும்.

ஒவ்வொரு மடிப்பின் உள்ளேயும் தசை. அதன்மேல் நார்கள் கொண்ட அடுக்கு, அதற்கும் மேல் கூழாகத் தளதளக்கும் ஓர் அடுக்கு, எல்லாவற்றையும் மூடி ஒரு மெல்லிய சவ்வு. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974இல் இந்த அடுக்குகளை ‘உடல்’, ‘உறை’ என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உடல் இறுக்கத்தைத் தருகிறது. காற்றில் அலையாடுவது பெரும்பாலும் உறைதான். மாதிரி செய்பவருக்கு இந்தப் பிரிவினைதான் முதல் பாடம். ஒரே பொருளில் வார்த்த நாண் அதிரும். ஆனால் உண்மையான நாண் அதிர்வது போல அதிராது.

2. ஒரு விநாடிக்கு நூறு முறை அதிர வேண்டுமென்றால் மூளை நூறு முறை கட்டளை அனுப்புகிறதா?

அப்படி நம்பியவர்கள் இருந்தார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ரவுல் ஹூசோன் 1950இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். ஒவ்வொரு அதிர்வுக்கும் நரம்பிலிருந்து ஒரு துடிப்பு வருகிறது என்றார். அது நிலைக்கவில்லை. இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் கீழிருந்து காற்றை ஊதினால் அது ஒலிக்கிறது. நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. இந்தச் சோதனையை அன்டுவான் ஃபெரென் பாரிஸில் 1741இலேயே செய்து காட்டிவிட்டார்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் பணியாற்றிய யான்வில்லம் வான் டென் பெர்க் 1958இல் எழுதிய விளக்கத்தைத்தான் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறோம். நாண்களை எவ்வளவு நெருக்குவது, எவ்வளவு இழுப்பது என்பதைத் தசைகள் முடிவு செய்கின்றன. அந்த நிலையில் அவற்றை அதிர வைப்பது காற்று. உயிரற்ற சிலிகான் துண்டை வைத்துக்கொண்டு குரலைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை தருவது இந்த உண்மைதான்.

3. பேசும் இயந்திரங்களை அந்தக் காலத்திலேயே செய்துவிட்டார்களாமே?

ஆம். வொல்ஃப்காங் ஃபொன் கெம்பலென் பல ஆண்டுகள் உழைத்து ஒன்றைச் செய்து, அதை விவரிக்கும் நூலை 1791இல் வியன்னாவில் வெளியிட்டார். நுரையீரலுக்குப் பதில் துருத்தி, குரல்நாணுக்குப் பதில் தந்தத்தால் செய்த, காற்றில் அதிரும் ஒரு நாக்குத் தகடு, முன்னால் கையால் மூடித் திறக்கும் வாய். அது சொற்களைச் சொன்னது. ஆனால் அதன் நோக்கம் பேச வைப்பது. நாங்கள் செய்யும் மாதிரிகள் பேச வேண்டியதில்லை, பலவற்றில் ஒலியே எழாது. காற்று எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தத்தில் எந்தத் திசையில் போகிறது என்று அளக்க இடம் கொடுத்தால் போதும்.

4. உயிருள்ள மனிதரிடமே அளந்துவிடலாமே, மாதிரி எதற்கு?

பாட்டு ஆசிரியர் மனுவேல் கார்சியா 1854இல் சிறு கண்ணாடிகளின் உதவியால் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று அதிவேகக் கேமரா ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் படங்கள் எடுக்கிறது. ஆனாலும் மேலிருந்து மட்டுமே பார்க்க முடிகிறது. காற்று நெருக்கப்படும் இடம் நாண்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளி அதிகம் விரிந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆணின் பேச்சுக்குரலில் அது 10 மில்லிவிநாடிக்குள் திறந்து மூடிவிடுகிறது. அங்கே எந்தக் கருவியை நுழைத்தாலும் கருவியே காற்றின் வழியை மாற்றிவிடும், பேசுகிறவரும் இருமத் தொடங்கிவிடுவார்.

இறந்த உடலிலிருந்தோ விலங்கிடமிருந்தோ எடுத்த குரல்வளை அடுத்த வழி. சூடாக்கி ஈரப்படுத்திய காற்றைச் செலுத்தி அதில் நிறைய அறிந்திருக்கிறார்கள். ஆனால் அது உலரும், நேரம் ஆக ஆகக் குணம் மாறும், இரண்டு குரல்வளைகள் ஒன்றாக இருப்பதில்லை. மாதிரியில் மட்டும்தான் ஒன்றை மாற்றிவிட்டு மற்ற அனைத்தையும் அப்படியே வைத்திருக்க முடிகிறது. நாண்களுக்கு இடையிலான கோணத்தை 10 பாகையிலிருந்து 20 பாகையாக்கினால் என்ன ஆகும் என்று எந்த மனிதரிடமும் கேட்க முடியாது. அக்ரிலிக் துண்டிடம் கேட்கலாம்.

5. சாதாரணமாகப் பேசுவதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

மிகக் குறைவு, கேட்பவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. நாண்களுக்குக் கீழே இருக்கும் அழுத்தம் இயல்பான பேச்சில் 500 முதல் 1000 பாஸ்கல் வரை. அதாவது 5 முதல் 10 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கும் அளவு. உரக்கக் கத்தினால் இது பல மடங்கு ஏறும். காற்றின் சராசரி அளவு விநாடிக்கு 100 முதல் 300 மில்லிலிட்டர்.

வேகம்தான் வியப்பு. 800 பாஸ்கல் அழுத்தம் முழுவதும் வேகமாக மாறினால், காற்றின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று வைத்துக் கணக்கிட்டால், விநாடிக்குச் சுமார் 36 மீட்டர் கிடைக்கும். மணிக்கு 130 கிலோமீட்டர். மெதுவாகப் பேசும் ஒருவருடைய தொண்டையில் அந்த வேகத்தில் ஒரு மெல்லிய தாரை விநாடிக்கு நூறு முறைக்கு மேல் கிளம்பி நிற்கிறது. இந்த 800, 36 என்ற இரண்டு எண்களும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

6. மாதிரி என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானா? எத்தனை வகை உண்டு?

பெரிதாக மூன்று வகை. முதலாவது அசையாதது. நாண்களை ஒரு குறிப்பிட்ட வடிவில் உறைய வைத்து, நடுவே காற்றை நிலையாக ஓட விடுவது. வான் டென் பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1957இல் குரல்வளையின் வார்ப்பு மாதிரியில் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ரொனால்ட் ஷெரரும் குழுவினரும் செய்த எம்5 என்ற மாதிரி ஏழரை மடங்கு பெரிது. சுவர் நெடுகச் சிறு துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையிலும் அழுத்தத்தைப் படிக்கலாம். அந்த வடிவத்தைத்தான் இன்றும் பலர் சிலிகானிலும் கணினியிலும் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, வெளியிலிருந்து ஓட்டப்படுவது. மோட்டாரும் நெம்புருளும் சேர்ந்து நாண்களைத் திறந்து மூடும், காற்றோ நீரோ அதற்கு உடன்பட்டே ஓடும். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ட்ரீப், ப்ரூக்கர் ஆகியோர் குழு 2005இல் வெளியிட்ட மூன்று மடங்கு பெரிய நீர் மாதிரி இந்த வகை. மூன்றாவது, தானே அதிர்வது. மென்மையான சிலிகானில் நாண்களை வார்த்து, கீழிருந்து காற்றை ஏற்றினால் ஒரு கட்டத்தில் தானாகப் பாடத் தொடங்கும். ஸ்காட் தாம்சன், லூக் மோங்கோ, ஸ்டீவன் ஃப்ராங்கெல் மூவரும் 2005இல் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட வேலைக்குப் பிறகு இது பரவலாயிற்று.

எது சிறந்தது என்று கேட்காதீர்கள். அசையாத மாதிரி அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லும், அதிர்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓட்டப்படும் மாதிரி தாரையின் பிறப்பையும் மறைவையும் காட்டும். ஆனால் காற்று நாணுக்கு ஆற்றல் கொடுப்பதைக் காட்டாது, அங்கே ஆற்றல் மோட்டாரிலிருந்து வருகிறது. தானே அதிரும் மாதிரியில் எல்லாம் நடக்கும். அதனாலேயே எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். ஒரு மாதிரி எந்தக் கேள்விக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கேள்விக்கு மட்டுமே அதன் விடையை நம்ப வேண்டும். இந்தத் துறையில் நடக்கும் சச்சரவுகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை என்பது என் எண்ணம்.

7. ஏழரை மடங்கு பெரிதாக்கினால் காற்று வேறு விதமாக ஓடாதா?

வேகத்தை மாற்றாமல் விட்டால் ஓடும். பாய்மம் எப்படி ஓடும் என்பதை முடிவு செய்வது வேகம், அகலம், பாகுநிலை (பாய்மத்தின் பிசுபிசுப்பு) மூன்றும் சேர்ந்த ஒரு விகிதம். அதுதான் ரெனால்ட்ஸ் எண். தொண்டையில் 36 மீட்டர் வேகமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் இருந்தால் அது சுமார் 2400. அகலத்தை ஏழரை மடங்காக்கினால் வேகத்தை ஏழரையில் ஒரு பங்காக்க வேண்டும். அப்போது எண் மாறாது, ஓட்டத்தின் வடிவமும் மாறாது. அதிர்வும் இருந்தால் கால அளவையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும். அதற்கு ஸ்ட்ரூஹல் எண் என்று இன்னொரு விகிதம் இருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை அழுத்தம். வேகம் ஏழரையில் ஒரு பங்கானால் அழுத்தம் அதன் வர்க்கமாக, சுமார் 56இல் ஒரு பங்காகக் குறையும். 5ஆம் கேள்வியில் சொன்ன 800 பாஸ்கல் இங்கே வெறும் 14 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீட்டர் உயர நீர். அறைக் கதவை யாராவது வேகமாகத் திறந்தால்கூட அளவி ஆடிவிடும். பெரிய மாதிரி வைத்து வேலை செய்பவர்கள் கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டுவது இதனால்தான்.

8. குரல் என்பது காற்று. தண்ணீரில் ஓடவிட்டுவிட்டு அதைக் குரல் ஆய்வு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மேலே சொன்ன விகிதம்தான் இங்கேயும் துணை. நீரின் பாகுநிலையை அதன் அடர்த்தியால் வகுத்தால் வருவது காற்றுடையதில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு. மாதிரியைப் பத்து மடங்கு பெரிதாக்கி நீரில் வைத்தால் வேகம் 150இல் ஒரு பங்காகப் போதும். தொண்டையில் விநாடிக்கு 36 மீட்டர் போன தாரை இங்கே 24 சென்டிமீட்டர் போகும். கால அளவு 1500 மடங்கு நீளும். 10 மில்லிவிநாடியில் முடிந்த ஓர் அதிர்வு 15 விநாடிக்கு நடக்கும்.

இதை நேரில் பார்க்க வேண்டும். நாண்கள் மெல்ல விலகுகின்றன. பிளவிலிருந்து முதலில் ஒரு சோடிச் சுழல் உருண்டு வெளியே வருகிறது. அதன் பின்னால் தாரை நீண்டு, சற்றுத் தூரம் நேராகப் போய், ஓரங்கள் நெளிந்து, பிறகு கலைகிறது. நாண்கள் நெருங்கும்போது தாரையின் வால் மெலிந்து அறுகிறது. நம் தொண்டையில் ஒரு ‘அ’ சொல்வதற்குள் பல முறை நடந்து முடிந்துவிடும் ஒன்றை, கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்க்க முடிகிறது. மைக்கேல் க்ரேனும் குழுவினரும் இந்த முறையில் செய்த நீர்த்தொட்டிச் சோதனைகளை 2007இல் வெளியிட்டார்கள்.

ஒன்றை மட்டும் நீர் மாதிரியிடம் கேட்கக் கூடாது: ஒலி. அந்த மெதுவான ஓட்டத்தில் ஒலியலையின் பங்கு ஒன்றுமில்லை. தாரையின் வடிவத்தைக் கேளுங்கள், சுழலைக் கேளுங்கள். குரலின் நிறத்தைக் கேட்காதீர்கள்.

9. சிலிகான் நாண்களை எப்படிச் செய்கிறீர்கள்? கடையில் கிடைக்கிறதா?

இல்லை, வார்க்க வேண்டும். முதலில் கணினியில் வடிவத்தை வரைந்து முப்பரிமாண அச்சில் எதிர் அச்சு எடுப்போம். இரண்டு பாகமாக வரும் சிலிகானைக் கலந்து, அதோடு இளக்கும் எண்ணெயையும் சேர்ப்போம். எண்ணெய் கூடக் கூட, உறைந்த பிறகு மென்மை கூடும். கலக்கும்போது காற்றுக் குமிழிகள் புகுந்துவிடும். அதனால் கிண்ணத்தை வெற்றிடக் கலத்தில் வைத்து, கலவை பொங்கி எழுந்து மறுபடி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு குமிழி நாணின் விளிம்பில் தங்கிவிட்டால் அந்த நாண் வீண். உறைந்த பிறகு அக்ரிலிக் தகடுகளில் ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக வைத்துத் திருகாணியால் முடுக்குவோம்.

மிக மென்மையான சிலிகான் பசைபோல் ஒட்டும். இரண்டு நாண்களும் தொட்டால் பிரியவே மனமில்லாமல் நிற்கும். மெல்லியதாக முகப் பவுடர் தடவினால் சரியாகிவிடும். உண்மையான தொண்டையில் அந்த வேலையைச் செய்வது சளி. மாதிரியில் நாங்கள் இன்னும் சரியாகக் கொண்டுவராத விஷயங்களில் அதுவும் ஒன்று.

1ஆம் கேள்வியில் சொன்ன அடுக்குகள் இங்கேதான் தலைகாட்டும். ஒரே அடுக்கில் வார்த்த நாண் அதிரத் தொடங்க மனிதருக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் அழுத்தம் கேட்கும், அதிரும்போதும் மொத்தமாக மேலும் கீழும் குதிக்கும். யூட்டாவின் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மர்ரேயும் தாம்சனும் 2012இல் வெளியிட்ட நாணில், மெல்லிய வெளித்தோலுக்கு அடியில் மிக மிக மென்மையான ஓர் அடுக்கு வைத்தார்கள். தொடங்கும் அழுத்தம் குறைந்தது. கீழிருந்து மேலாக ஓடும் அலையும் தெரிந்தது. அந்த அலைதான் மருத்துவர்கள் ஆரோக்கியமான குரல்நாணில் தேடும் அடையாளம்.

10. காற்று கண்ணுக்குத் தெரியாதே, அதை எப்படிப் படம் பிடிக்கிறீர்கள்?

காற்றில் ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான எண்ணெய்த் துளிகளைத் தூவுகிறோம். அவ்வளவு சிறியவை என்பதால் காற்று போகும் வழியிலேயே போகும். லேசர் ஒளியைத் தகடுபோல் மெலிதாக்கி அதன் குறுக்கே பாய்ச்சி, சில மைக்ரோவிநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கிறோம். விநாடிக்கு 36 மீட்டர் போகும் துளி 5 மைக்ரோவிநாடியில் 0.18 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு இடத்திலும் வேகமும் திசையும் கிடைத்துவிடும்.

பழைய முறையும் இருக்கிறது. மின்சாரத்தால் சூடாக்கிய, முடியைவிட மெல்லிய ஒரு கம்பியைத் தாரையில் வைத்தால், காற்று அதைக் குளிர்விக்கும் அளவைக் கொண்டு வேகம் தெரியும். மிக விரைவானது, விலையும் குறைவு. ஆனால் காற்று முன்னால் போகிறதா, சுழன்று திரும்பி வருகிறதா என்று அதற்குத் தெரியாது. தாரையின் ஓரத்தில் எடுத்த கம்பி அளவுகளைக் கண்மூடி நம்பக் கூடாது.

11. மாதிரியில் கேட்கும் ஒலி மனிதக் குரல் போல இருக்குமா?

நாண்கள் மட்டும் இருந்தால் கரகரத்த ரீங்காரம்தான் கேட்கும். மேலே வாய்க்குழாய் (நாண்களிலிருந்து உதடு வரையுள்ள வழி) வடிவில் ஒரு குழாயைப் பொருத்தினால் அது சட்டென உயிரெழுத்தாகிறது. டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தில் தகாயுகி அராய் இப்படிப் பல அக்ரிலிக் குழாய்கள் செய்து பாடம் நடத்துகிறார். சிபா, கஜியாமா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1941இல் வெளியிட்ட வாய்க்குழாய் அளவுகளிலிருந்து அந்த வேலை தொடங்கியது. அடியிலுள்ள ரீங்காரம் மாறாமல், குழாயை மாற்றியதும் ‘ஆ’ ‘ஈ’ ஆவதைக் கேட்ட குழந்தைகள் அதை மறப்பதில்லை.

12. பெர்னூலி விளைவுதான் நாண்களை உறிஞ்சி மூடுகிறது என்று பாடத்தில் படித்தேன். அது தவறா?

பாதிதான் சரி. குறுகிய இடத்தில் வேகம் கூடும், அங்கே அழுத்தம் குறையும். அதில் ஐயமில்லை. ஆனால் அந்த உறிஞ்சல் இடைவெளியின் அகலத்தை மட்டும் பொறுத்தது என்றால், திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே அகலத்தில் ஒரே விசை இருக்கும். மூடும்போது காற்று கொடுத்த ஆற்றலைத் திறக்கும்போது அதே காற்று பிடுங்கிக்கொள்ளும். ஒரு சுற்று முடிவில் மிச்சம் பூஜ்யம். திசுவின் உராய்வில் ஆற்றல் வீணாகிக்கொண்டே இருப்பதால் அதிர்வு சில சுற்றில் அடங்கிவிட வேண்டும். அடங்குவதில்லை என்றால், திறக்கும்போது ஒரு விசையும் மூடும்போது வேறு விசையும் இருந்தாக வேண்டும்.

அந்த வேறுபாடு வடிவத்திலிருந்து வருகிறது. நாணின் கீழ் விளிம்பு முதலில் விலகும், மேல் விளிம்பு பின்தொடரும். அதனால் திறக்கும்போது பிளவு கீழே அகன்று மேலே குறுகி இருக்கும், உள்ளே அழுத்தம் கூடுதல், நாண்கள் வெளியே தள்ளப்படும். மூடும்போது கீழே குறுகி மேலே அகன்று இருக்கும், உள்ளே அழுத்தம் குறைவு, தள்ளும் விசை இல்லை, திசுவின் மீள்விசை நாண்களைத் திரும்பக் கொண்டுவருகிறது. 9ஆம் கேள்வியில் சொன்ன கீழிருந்து மேலாக ஓடும் அலை அழகுக்காக இல்லை. ஆற்றல் உள்ளே வரும் வழியே அதுதான். இதோடு, நாண்களுக்கு மேலுள்ள குழாயில் நிற்கும் காற்றுத் தம்பத்தின் நிலைமமும் அழுத்தத்தைச் சற்றுப் பின்தங்க வைத்து உதவுகிறது. இங்கோ டிட்சே 1988இல் இந்த இரண்டையும் சமன்பாடாக எழுதி, அதிர்வு தொடங்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தைக் கணக்கிட வழி செய்தார்.

அசையாத மாதிரிகள் தங்கள் அருமையைக் காட்டுவது இந்த இடத்தில்தான். குறுகும் வடிவம் ஒன்று, விரியும் வடிவம் ஒன்று, இரண்டிலும் ஒரே குறைந்தபட்ச இடைவெளி. சுவர் அழுத்தத்தை அளந்தால் வேறுபாடு கண்முன் நிற்கும். ஒரு சமன்பாடும் எழுதாமலே பெர்னூலி கதையின் மறுபாதி புரிந்துவிடும்.

13. நாதஸ்வரச் சீவாளியும் இப்படித்தானே அதிர்கிறது?

உறவு உண்டு. சீவாளியிலும் இரண்டு இதழ்கள், நடுவே பிளவு, நிலையான ஊதலிலிருந்து அதிர்வு. ஆனால் இரண்டு முக்கிய வேறுபாடுகள். சீவாளியை ஊதும் அழுத்தம் வெளியிலிருந்து இதழ்களை மூடப் பார்க்கிறது. குரல்நாண்களை நுரையீரலின் அழுத்தம் கீழிருந்து திறக்கப் பார்க்கிறது. அடுத்தது, சீவாளி குழலுக்குக் கட்டுப்பட்டது. துளையைத் திறந்தால் சுரம் மாறுகிறது. குரல்நாணோ வாய்க்குழாயைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் ஒரே சுருதியில் ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ மூன்றையும் பாட முடிகிறது.

14. ஹீலியம் உள்ளிழுத்தால் குரல் கீச்சென்று ஆகிறதே, அப்படியானால் நாண்கள் வேகமாக அதிர்கின்றன அல்லவா?

இல்லை. அதிர்வெண் ஏறத்தாழ அதேதான். அதை முடிவு செய்வது திசுவின் நிறையும் இறுக்கமும். ஹீலியத்தில் ஒலி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகப் போவதால் வாய்க்குழாயின் ஒத்திசைவுகள், அதாவது அது வலுவாக ஒலிக்கும் அதிர்வெண்கள், மேலே ஏறுகின்றன. காது அதைக் கீச்சென்று உணர்கிறது. தயவுசெய்து சிலிண்டரிலிருந்து நேராக உள்ளிழுத்துச் சோதிக்க வேண்டாம். மூச்சுத்திணறி உயிரே போகும் ஆபத்து இருக்கிறது. மாதிரிக்கு ஹீலியம் கொடுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

15. ஒலி எங்கிருந்து பிறக்கிறது? நாண்கள் ஒன்றோடொன்று மோதுவதாலா?

மோதும் ஒலியின் பங்கு சிறிது. முதன்மையான மூலம், காற்றோட்டம் துண்டு துண்டாக நறுக்கப்படுவது. திறக்கும்போது ஓட்டம் சற்று நிதானமாக ஏறும், மூடும்போது சட்டென விழும். அந்தத் திடீர் வீழ்ச்சிதான் வாய்க்குழாயில் இருக்கும் காற்றை உலுக்கி ஒலிக்க வைக்கிறது. குரல் கணீரென்று இருப்பதற்கும் மந்தமாக இருப்பதற்கும் இந்த வீழ்ச்சி எவ்வளவு கூர்மை என்பது முக்கியக் காரணம். நாண்கள் முழுதாக மூடாதவரிடம் இது மழுங்கிவிடுகிறது, கசியும் காற்றின் கொந்தளிப்பிலிருந்து வரும் இரைச்சல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. நுரையீரல் செலவழிக்கும் ஆற்றலில் ஒலியாக வெளிவருவது ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே.

16. தாரை நடுவில் போகாமல் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்வதைப் படங்களில் பார்த்தேன். மாதிரியில் ஏதோ கோணலா?

மாதிரி நேராக இருந்தாலும் ஒட்டும். பிளவு மேலே விரிந்திருக்கும்போது தாரை தற்செயலாக ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தால், அந்தப் பக்கத்துக் காற்றை அது இழுத்துக்கொள்ள, அங்கே அழுத்தம் குறைந்து, தாரை இன்னும் சாயும். கோவாண்டா விளைவு என்று இதற்குப் பெயர். பைரன் எராத், மைக்கேல் ப்ளெஸ்னியாக் இருவரும் 2006இல், பெரிதாக்கிய மாதிரிகளில் துடிப்பு ஓட்டத்திலும் இது நிகழ்வதைக் காட்டினார்கள். ஒரு சுற்றில் இடது சுவர், அடுத்ததில் வலது சுவர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி மாறுவதும் உண்டு.

உயிருள்ள தொண்டையில் இது எவ்வளவு முக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. தாரை சுவரில் ஒட்ட நேரம் வேண்டும். அசையாத மாதிரியில் நேரம் எவ்வளவும் உண்டு, ஆகவே அங்கே அது மிகைப்படுகிறது. உண்மையில் பிளவு விரியும் வடிவத்தில் இருப்பது சுற்றின் பிற்பகுதியில் மட்டும். நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களும் தாரையை நடுவில் நிறுத்த உதவுவதைப் பல மாதிரிகளில் கண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான, சமச்சீரான நாண்களில் இதன் விளைவு சிறியது என்பது என் கருத்து. ஒரு பக்கம் செயலிழந்த நாண்களில் அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன்.

17. ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டதே, நீங்கள் புதிதாக என்ன கண்டுபிடிக்கிறீர்கள்?

தொல்காப்பியத்தில் அந்த வரி வரும் பிறப்பியல் என்ற பகுதி சொல்வது எழுத்துகளின் பிறப்பிடத்தை. அடியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒலியாகிறது என்ற அந்த வரிசை மிகக் கூர்மையான கவனிப்பு, அதைப் படிக்கும்போது எனக்கும் பெருமைதான். மிடற்றில் நின்ற காற்று அங்கே என்ன செய்கிறது, ஏன் துடிக்கிறது என்பது வேறு கேள்வி. இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் பேசுகிறது.

18. இப்போது எல்லாவற்றையும் கணினியிலேயே செய்யலாமே?

நிறையச் செய்கிறார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் இஷிசாகா, ஃப்ளானகன் இருவரும் 1972இல் ஒவ்வொரு நாணையும் வில்களால் இணைத்த இரண்டு எடைகளாகச் சுருக்கினார்கள். அந்தச் சிறிய கணக்கே 12ஆம் கேள்வியில் சொன்ன கீழ், மேல் விளிம்பு வேறுபாட்டைப் பிடித்துவிட்டது. இன்று முப்பரிமாணத்தில் காற்றையும் திசுவையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.

கடினம் எங்கே என்றால், நாண்கள் தொடும் அந்தக் கணத்தில். இடைவெளி பூஜ்யமாகும்போது காற்றுக்கான கணக்குக் கட்டங்களே மறைந்துவிடும். பலர் ஒரு மெல்லிய இடைவெளியை விட்டுவைத்து ஒப்பேற்றுகிறார்கள். தாரை எந்த இடத்தில் சுவரை விட்டுப் பிரிகிறது என்பதும் எளிய கணக்குகளில் ஊகம்தான். இந்த ஊகங்கள் சரியா என்று சொல்ல அளவெடுத்த ஒரு பொருள் வேண்டும். வடிவமும் விறைப்பும் முழுதாகத் தெரிந்த சிலிகான் நாண் அதற்குத்தான். மனிதத் திசுவோடு கணினியை ஒப்பிட்டு இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், தவறு கணக்கிலா, திசுவின் அளவிலா என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

19. இதனால் நோயாளிக்கு என்ன பயன்?

நேரடியாகச் சிகிச்சை இல்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவைக்கு முன் சோதித்துப் பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது. ஒரு பக்க நாண் செயலிழந்தால் அதை நடுவுக்குத் தள்ளி வைக்கும் அறுவை உண்டு. எவ்வளவு தள்ளினால், எந்த உயரத்தில் தள்ளினால் அதிர்வு குறைந்த அழுத்தத்தில் தொடங்கும் என்பதை மாதிரியில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நாணில் சிறு கட்டி வைத்தால் தாரை எப்படிச் சிதறுகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

பாடகர்கள் மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக ஊதிக்கொண்டே சுரம் பிடிக்கும் பயிற்சியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். குழல் காற்றைத் தடுப்பதால் நாண்களுக்கு மேலேயும் அழுத்தம் ஏறுகிறது, நாண்களுக்குக் குறுக்கே இருக்கும் வேறுபாடு குறைகிறது, மோதலும் மென்மையாகிறது. இந்த விளக்கத்தை மாதிரியில் எளிதாகச் சோதிக்கலாம்.

20. நான் கல்லூரி மாணவன், லேசர் எல்லாம் இல்லை. திட்டப்பணியாக எதைச் செய்யலாம்?

ஒரு அக்ரிலிக் குழாய், மீன்தொட்டி பம்பைவிடச் சற்றுப் பெரிய காற்றழுத்தி, நடுவே அமைதிப்படுத்தும் ஒரு பெட்டி, யு வடிவ நீர் அழுத்தமானி. இவை போதும். பெட்டி இல்லாமல் பம்பை நேராக இணைத்தால் பம்பின் துடிப்பையே அளந்துகொண்டிருப்பீர்கள். முதலில் கையுறை ரப்பரை இரண்டு பட்டைகளாக இழுத்துக் கட்டிப் பாருங்கள். அதன் பிறகு சிலிகானுக்குப் போங்கள். அதிர்வெண்ணை அளக்கக் கைப்பேசியின் ஒலிவாங்கியே போதுமானது.

அளக்க வேண்டியது இரண்டு அழுத்தங்கள். காற்றை மெல்ல ஏற்றி, அதிர்வு தொடங்கும் அளவைக் குறியுங்கள். பிறகு மெல்ல இறக்கி, அதிர்வு நிற்கும் அளவைக் குறியுங்கள். இரண்டாவது எண் சிறியதாக வந்தால் உங்கள் கருவியைக் குறை சொல்லாதீர்கள். தொடங்கிவிட்ட அதிர்வைத் தாங்கி நிறுத்தக் குறைந்த அழுத்தமே போதும். மனிதக் குரலிலும் அப்படித்தான். பட்டைகளின் இறுக்கத்தை மாற்றி மாற்றி இந்த இரண்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் இடுங்கள்.